பாஸான தண்ணீர்

காசர்வாடி ஸ்டேஷனைத் தாண்டிய பிறகுதான் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. சிஞ்ச்வட் பக்கத்து மேம்பாலம் மட்டும் வெயிலில் மங்கலாகத் தெரிந்தது. காலையில் வேலையை விட்டுவிட்டு, தோளில் ஒரு பையோடு, பழைய மும்பை சாலையின் ஓரமாகப் புனேவை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். லோக்கல் ரயிலில் போயிருக்கலாம். ஆனால் ஒரு இடத்தை விட்டுக் கிளம்பும்போது நடந்து வெளியேறுவது என் வழக்கம். ரயில் ஏறிவிட்டால் நானாக விட்டுவந்த மாதிரி இருக்காது, யாரோ என்னை அனுப்பி வைத்த மாதிரி இருக்கும்.

விட்டுவந்தது ஒரு முலாம் பட்டறை. பைக் கைப்பிடி, கண்ணாடிக் கம்பி, சைலன்சர் மூடி எல்லாவற்றையும் குரோம் தொட்டியில் முக்கி எடுத்துப் பளபளப்பாக்கும் வேலை. விரல் நுனிகள் மஞ்சளாகியிருந்தன. நகத்தை ஒட்டி வந்த புண் ஆறவில்லை. மூக்கில் அவ்வப்போது ரத்தம் வரும். பட்டறையில் எல்லோருக்கும் வரும் என்பதால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, கர்சீப்பை நீட்டுவார்கள், அவ்வளவுதான். அதற்காக விட்டேன் என்று சொன்னால் பொய். ஒரு இடத்தில் மழைக்காலம் வந்து போவதற்குள் எனக்குக் கால் அரிக்க ஆரம்பித்துவிடும். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்தே அப்படித்தான். செங்கல் சூளை, லாரி ஷெட், சோலாப்பூரில் டவல் தறி, ஐதராபாத்தில் ஓட்டல். போன ஊரிலெல்லாம் அந்த ஊர்ப் பேச்சு கொஞ்சம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. வேறு எதுவும் ஒட்டவில்லை. இப்போது ஹூப்ளியில் வேலை இருப்பதாக ஒருவன் போனில் சொல்லியிருந்தான். புனே ஸ்டேஷனிலிருந்து ராத்திரி வண்டி.

நடுவில் சாப்பிட வேண்டும். அதற்கு எனக்கு ஒரு வீடு இருந்தது. தாபோடிக்கு முன்னால், ரயில் பாதைக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு தெரு. பெயர் எழுதப்போவதில்லை. முதல்முதலில் புனேக்கு வந்தபோது அந்தத் தெருவில் ஒரு வீட்டுப் பரணில்தான் படுத்திருந்தேன். வீட்டுக்காரம்மா விழுப்புரம் பக்கம், கல்யாணம் ஆகி இங்கே வந்தவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஸ்டேஷன் வாசலில் இட்லி வண்டி போடுகிறார். அவர் கணவரை மாமா என்பேன். மாமாவுக்கு மகர்பட்டாவில் செக்யூரிட்டி வேலை. அன்று டூட்டியில் இருந்தார்.

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தார்.

"இந்தத் தடவ எந்த ஊரு?"

"ஹூப்ளி."

"கிட்டதான். போய் சேந்ததும் ஒரு போன் பண்ணு. போன தடவ மாதிரி செத்தியா இருக்கியான்னு நாங்க பேசிட்டு இருக்கிற மாதிரி வெக்காத."

சாப்பிட வைத்து, பிறகு டீ கொடுத்தார். அந்த வீட்டு டீயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே இரண்டு தண்ணீர் உண்டு. ஒன்று நீலக் கேன், ஸ்டாண்டின் மேல் துணி போர்த்தி வைத்திருப்பார்கள். அது இட்லி மாவுக்கும், வண்டியில் சாப்பிட வருகிறவர்களுக்கும், விருந்தாளிகளுக்கும். இன்னொன்று தெருவின் அடிபம்பிலிருந்து வருவது. இங்கே அதை ஹாப்ஸா என்பார்கள். அது வீட்டு மனிதர்களுக்கு. ஹாப்ஸா தண்ணீரில் டீ போட்டால் மை மாதிரி கறுத்துப்போகும், பால் ஊற்றினால் சாம்பல் நிறத்துக்கு வரும். எனக்குக் கொடுத்தது சாம்பல் டீ. அந்த வீட்டில் என்னை விருந்தாளியாக நினைக்கவில்லை என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம் உண்டு.

உள்ளே மகள் இருந்தாள், பிரசவத்துக்கு வந்தவள், மடியில் பெண் குழந்தை. அவளுக்குத் தமிழ் பாதி வரும், மீதியை மராத்தியில் முடிப்பாள். குழந்தைக்கு ஆறாவது மாதம் முடியப்போகிறது. அதுவரை தாய்ப்பால் மட்டும். இனிமேல் கஞ்சியும் தண்ணீரும் ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார்கள். எந்தத் தண்ணீர் என்பதுதான் அந்த வீட்டில் கொஞ்ச நாளாகப் பேச்சு. கேன்காரர் தினமும் வருவதில்லை. மழை தொடங்கிவிட்டால் ஆற்றோரத்துச் சேற்றில் அவர் வண்டி தெருவுக்குள்ளேயே வராது. மழைக்கு இன்னும் சில நாட்கள்தான் இருந்தன.

ஹாப்ஸா தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்கப் பயம். தெருவுக்கு மேற்கே மேட்டில் வரிசையாகப் பட்டறைகள். அவற்றின் கழிவு நிலத்தடியில் இறங்கி வருகிறது என்று தெருவில் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சுத்தமான தண்ணீருக்குத் தனிக் குழாய் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பட்டறைக்காரர்கள் ஒரு ஆளை வைத்துச் சோதித்து, ஒன்றுமில்லை என்றார்கள். அதைத் தெரு நம்பவில்லை. தெருக்காரர்கள் ஒரு ஆளைப் பிடித்து வந்து சோதித்தார்கள். அதைப் பட்டறைகள் நம்பவில்லை. இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருக்க, அரசு கடைசியில் அறிவியல் பேரவை ஒன்றிடம் கேட்டிருந்தது. நாட்டில் அப்படிப் பேரவைகள் ஒன்றுக்கு மேல் உண்டாம். இது எது என்பது இந்தக் கதைக்கு வேண்டியதில்லை. தெருவில் அவர்களுக்கு 'சைன்ஸ்வாலா' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

சைன்ஸ்வாலாக்களின் ஆட்கள் சில வாரங்களுக்கு முன் வந்து வீட்டுக்கு ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளை வெளேரென்று புது பாட்டில், மூடி இறுக்கமாக. வீட்டுக் குடத்தில் இருக்கும் ஹாப்ஸா தண்ணீரை நிரப்பி வையுங்கள், நாளை வந்து வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதன் முடிவை அன்று சாயங்காலம் தெருக் கூடத்தில் வந்து சொல்லப்போகிறார்கள். ஆனால் முடிவு முன்பே கசிந்துவிட்டது. தண்ணீர் பாஸ்.

"நல்ல விஷயம்தானே" என்றேன்.

அக்கா காலி கிளாஸை எடுத்துக் கழுவப் போட்டார். மகள்தான் உள்ளேயிருந்து சிரித்தாள். "அம்மா கேன் தண்ணி பரலி. ஷரம் வந்துச்சு அம்மாவுக்கு."

வெட்கத்தில் அக்கா கேன் தண்ணீரைப் பாட்டிலில் நிரப்பிக் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். நானும் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காத" என்றார் அக்கா. "அவ்ளோ சுத்தமா ஒரு பாட்டில குடுக்கிறான். மேல என் பேர் எழுதி ஒட்டியிருக்கு. அது எங்கெங்கயோ பெரிய மனுஷங்க கைக்குப் போவுது. அதுல போயி இந்தக் கலங்கல ஊத்திக் குடுக்கச் சொல்றியா? நம்ம வீட்டுத் தண்ணி ஃபெயிலாயி வந்து நிக்கணுமா?"

மறுநாளே தப்பு புரிந்துவிட்டதாம். ஆனால் தெருவில் மற்ற வீடுகளெல்லாம் சரியாகத்தானே நிரப்பியிருக்கும், ஒரு பாட்டிலால் என்ன ஆகிவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். இப்போது பார்த்தால் எல்லா வீட்டுத் தண்ணீரும் பாஸ். அப்படியானால் ஹாப்ஸா தண்ணீர் நல்லதுதான் போலிருக்கிறது, குழந்தைக்குக் கொடுத்துவிடலாமா என்று மகள் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். அக்காவுக்குக் கை வரவில்லை. கூடத்துக்கு என்னையும் வரச் சொன்னார். என் வண்டிக்கு நேரம் இருந்தது.

தெருவுக்குப் பொதுவான கூடத்தை இங்கே சமாஜ் மந்திர் என்பார்கள். தகரக் கூரை, இரண்டு மின்விசிறி, பிள்ளையார் சதுர்த்திக்கு வைத்திருக்கும் ஒலிபெருக்கி. நாங்கள் போனபோது நிறைந்திருந்தது. மேடையில் மூன்று பேர். தலைவர் சென்னைக்காரர், வயதானவர், முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். பக்கத்தில் புனே பேராசிரியர் ஒருவர். பாட்டில்களைச் சோதித்தது அவர் லேப்தான். மூன்றாவது ஆள் கல்கத்தாப் பக்கத்து அம்மா, கையில் விசிறிக்கொள்ள ஒரு காகிதம்.

பேராசிரியர் மராத்தியில் முடிவை வாசித்தார். எதைத் தேடினார்களோ அது எந்தப் பாட்டிலிலும் அளவுக்கு மேல் இல்லை. குரோமியம் என்ற வார்த்தையை அவர் சொன்னதும் என் விரல்கள் தானாக மடங்கிக்கொண்டன. கூடத்தில் யாரும் கைதட்டவில்லை. பாஸாகிவிட்ட தண்ணீருக்கு எதற்குக் குழாய் என்று கேட்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு ரிக்‌ஷாக்காரர் எழுந்தார். அதே தெரு ஆள். அந்த மூன்று பேரையும் ஸ்டேஷனிலிருந்து கூட்டிவந்ததே அவர்தான். நீங்கள் குழாய் போடுவீர்களா என்று கேட்டார். தங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்றார் தலைவர். பட்டறையை மூடச் சொல்வீர்களா? அதுவும் இல்லை.

"குழாயும் போட மாட்டீங்க, பட்டறையையும் மூட மாட்டீங்க. அப்போ என்னதான் பண்ணுவீங்க ஸாப், டீ குடிப்பீங்களா?"

"டீயும் இன்னும் வரல" என்றார் தலைவர், சென்னை வாடை அடிக்கும் ஹிந்தியில். கூடம் சிரித்தது. ரிக்‌ஷாக்காரரும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு தலைவர் பேசியது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அதுவரை அப்படி ஒரு வேலை உலகத்தில் இருப்பதே எனக்குத் தெரியாது. பேரவையில் இருப்பவர்கள் அவரவர் ஊரில் அவரவர் வேலை பார்ப்பவர்கள். இந்த விசாரணைக்குச் சம்பளம் கிடையாது. தேர்தலில் நிற்பதில்லை, எந்தக் கம்பெனிக்கும் ஆளில்லை. யாராவது ஒரு கேள்வி கேட்டால், இது தெரியும், இது தெரியாது, தெரிந்ததும் இவ்வளவு தூரத்துக்குத்தான் நிச்சயம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். அதைக் கேட்டு நடக்க வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் இல்லை. ஆனாலும் இரண்டு தரப்பும் அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்க்கும், ஏனென்றால் அதில் அவர்களுக்கு லாபம் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு தெருவுக்காக ஒருமுறை தப்பாக எழுதிவிட்டால், அடுத்த ஊருக்குப் போகும்போது அந்தக் காகிதத்தை யாரும் எடுத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

பிறகு பாட்டில்களைப் பற்றிச் சொன்னார். இந்தத் தெருவுக்குக் கீழே இருப்பது கருங்கல் பாறை. அதற்குள் புகுந்து வரும் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் கலந்துதான் வரும். இந்தப் பாட்டில்களில் இருக்கும் தண்ணீர் பாறையைப் பார்த்ததாகவே தெரியவில்லை, மெஷினில் வடிகட்டியது போல இருக்கிறது. தனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் 'எனக்கு நம்பிக்கை வரவில்லை' என்று மட்டும் அரசுக்கு எழுத முடியாது. பாட்டிலில் இருப்பதைத்தான் எழுத முடியும். யாருக்காவது ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள்.

யாரும் சொல்லவில்லை. புனே பேராசிரியருக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எங்கள் லேபில் பிழை இல்லை என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னதும், லேபைச் சொல்லவில்லை என்று தலைவர் திருப்பிச் சொன்னதும் மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

அப்போது டீ வந்தது. அக்காவும் இன்னும் சில பெண்களும் பின்னால் அடுப்பு வைத்துப் போட்டிருந்தார்கள். தட்டை நான் தூக்கினேன். கிளாஸ்களைப் பார்த்தேன். நல்ல பொன் நிறம். மேடைக்குப் போகிற டீ ஆயிற்றே, கேன் தண்ணீர்தான். திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவரும் கிளாஸ்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கரண்டி கையிலேயே இருந்தது.

"மறுபடியும் அதத்தான் பண்ணி வெச்சிருக்கேன்" என்றார் மெல்ல.

கரண்டியை வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நேராக மேடை ஓரத்துக்குப் போனார். தலைவர் தமிழர் என்பது பேச்சிலேயே தெரிந்துவிட்டது, தமிழில் சொன்னால் தெருவுக்குப் புரியாது என்று கணக்குப் போட்டிருப்பார் போல. தட்டோடு நானும் பக்கத்தில் நின்றேன், தலைவர் ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டார்.

"சார், இந்த டீ எந்தத் தண்ணில போட்டனோ அதே தண்ணிதான் என் பாட்டில்லயும். காசு குடுத்து வாங்குற கேன் தண்ணி. ஹாப்ஸா தண்ணி இல்ல."

தலைவர் கிளாஸைக் கீழே வைத்தார். ஏன் என்று கேட்டார். கலங்கலாக இருக்கும், கொடுக்க மனசு வரவில்லை என்றார் அக்கா. அவர் கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை.

"தனியா என் காதுல சொன்னா நான் எழுத முடியாதும்மா. நானும் நீங்களும் தமிழ்க்காரங்க, ஏதோ பேசி வெச்சுக்கிட்டோம்னு சொல்லிடுவாங்க. மைக்ல சொல்லுங்க, எல்லாருக்கும் புரியிற மாதிரி."

அக்கா என்னைப் பார்த்தார். அந்தத் தெருவில்தான் அவர் வாழ்ந்தாக வேண்டும், நான் ராத்திரி வண்டியில் போய்விடுவேன். அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

மைக்கைப் பிடித்துக்கொண்டு மராத்தியில் சொன்னார். பெரிதாக ஒன்றும் இல்லை. என் வீட்டு பாட்டிலில் நான் ஊற்றியது கேன் தண்ணீர். ஹாப்ஸா தண்ணீர் குடத்தில்தான் இருந்தது, கொடுக்க வெட்கமாக இருந்தது. என்னால் தெருவுக்குக் குழாய் வராமல் போய்விடக் கூடாது.

முன் வரிசையிலிருந்து, தெருவில் எல்லோரும் மாவ்ஷி, அதாவது சித்தி, என்று கூப்பிடும் ஒரு பெண் எழுந்தார். எதிரே உள்ள அடுக்குமாடிகளில் வீட்டு வேலை செய்கிறவர், அக்காவுக்கும் அவருக்கும் துணி காயப்போடும் கயிறு விஷயத்தில் நெடுநாள் தகராறு. அவர் வாயைத் திறந்ததும் அக்காவின் தோள் குறுகிப்போனதைப் பார்த்தேன்.

"இட்லிக்காரிக்கு மட்டும்தான் மானம் இருக்கோ?" என்றார் மாவ்ஷி. "நான் வேலை செய்யிற வீட்டு ஃபில்டர்லேருந்து பிடிச்சிட்டு வந்தேன். உன் கேன் தண்ணியவிட அது ஒசத்தி."

யாரோ ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் தும்மினார். அதற்குப் பிறகு கூடம் நிற்கவில்லை. ஒரு வீட்டில் கொதிக்க வைத்து ஆறவைத்து வடிகட்டி ஊற்றியிருக்கிறார்கள். ஒரு வீட்டில் கோயிலிலிருந்து கொண்டுவந்தது. ரிக்‌ஷாக்காரரைப் பார்த்து, நீ என்ன ஊற்றினாய் என்று எல்லோரும் கேட்டார்கள். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, தான் கடையில் சீல் வைத்த பாட்டில் வாங்கி அதை உடைத்து ஊற்றியதாகச் சொன்னார். ஒவ்வொருவரும், தான் ஒருவர்தான் அப்படிச் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஹாப்ஸா தண்ணீர் ஒரு சொட்டுக்கூட அந்த லேபுக்குப் போனதா என்பதே சந்தேகமாகிவிட்டது.

சிரிக்காதவர் புனே பேராசிரியர் ஒருவர்தான். அவர் முன்னால் இருந்த தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாகச் சீராக அடுக்கிக்கொண்டிருந்தார். அத்தனை வாரத்து வேலை. தலைவர் அவர் தோளில் கை வைத்துவிட்டு மைக்கில் சொன்னார், தப்பு தெருவுடையது இல்லை, எங்களுடையது. பரீட்சை எழுதுகிறவர்கள் கையிலேயே பாட்டிலைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம். இந்தப் பிழையையும் அறிக்கையில் எழுதுவோம்.

அப்படியானால் முடிவு என்ன என்று கேட்டார்கள். தெரியாது என்பதுதான் முடிவு என்றார். மறுபடி எடுக்க வேண்டும், நேரே ஹாப்ஸாவிலிருந்து. மழைக்கு முன்னால், மழையில், மழைக்குப் பின்னால். நிலத்தடித் தண்ணீர் ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். சிரிப்பு அடங்கி, கூடத்தில் முணுமுணுப்பு ஏறியது. தெரியாது என்று கேட்கவா இத்தனை பேர் வந்தோம் என்று யாரோ சொன்னார்கள். எனக்கும் சப்பென்று ஆகிவிட்டது.

அக்கா இன்னும் மைக்கை விடவில்லை.

"எனக்கு நாளைக்கே தெரியணும். பேத்திக்கு ஆறு மாசம் முடியுது. எந்தத் தண்ணி குடுக்கட்டும்?"

மேடையில் மூன்று பேரும் தலையைச் சேர்த்துக் குனிந்து பேசினார்கள். அரசு கேட்ட கேள்வி இது இல்லை என்று கல்கத்தா அம்மா சொல்வது அரைகுறையாகக் காதில் விழுந்தது. புனே பேராசிரியர் அதற்குப் பலமாகத் தலையாட்டி மறுத்தார். அவர் அப்படிச் செய்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கடைசியில் அவரேதான் எழுந்து மராத்தியில் சொன்னார். சோதித்து முடியும் வரை ஹாப்ஸா தண்ணீரைக் குழந்தைகளுக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டாம். குரோமியம் இருந்தால் கொதிக்க வைத்தாலும் அது போகாது. அதுவரை தெருவுக்கு லாரியில் குடிதண்ணீர் வர வேண்டும் என்று இன்றைக்கே எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போடுகிறோம். லாரி அனுப்புவது எங்கள் கையில் இல்லை, எழுதுவது எங்கள் கையில் இருக்கிறது.

அந்த வரியைக் காட்டித்தான் பிற்பாடு தெரு லாரியைக் கேட்டு வாங்கியது. அன்று எங்களுக்கு அது தெரியாது. அக்கா மட்டும் மைக்கைக் கொடுத்துவிட்டு வந்து, அடுப்பருகே வைத்துவிட்டுப் போன கரண்டியை எடுத்துக் கழுவினார். மகள் குழந்தையோடு வாசலில் நின்றிருந்தாள்.

கூட்டம் கலையும்போது, தெருவிலேயே தங்கி வாராவாரம் தண்ணீர் பிடித்துக் கொடுக்க லேப் ஆட்களோடு ஒருவர் வேண்டும் என்று புனே பேராசிரியர் விசாரித்துக்கொண்டிருந்தார். தெருக்காரராக இருக்கக் கூடாது, மறுபடி யாருக்காவது வெட்கம் வந்துவிடும். பட்டறைக்காரராகவும் இருக்கக் கூடாது. நாலு பாஷையாவது பேச வேண்டும். அக்கா என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார்.

"இதோ இருக்கான். எல்லா பாஷையும் அரகொறயா பேசுவான். எந்த ஊர்த் தண்ணியும் இவனுக்குச் சொந்தம் இல்ல."

பட்டறை எதிலாவது வேலை செய்திருக்கிறீர்களா என்று கேட்டார். இன்று காலை வரை சிஞ்ச்வட்டில் குரோம் தொட்டியில் என்றேன். மறைத்திருக்கலாம், ஆனால் விரல்களே சொல்லிவிடும். மேட்டுப் பட்டறைகளோடு எனக்குச் சம்பந்தம் உண்டா என்று கேட்டார், இல்லை. என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, உடுத்தியிருக்கும் துணியில், செருப்பில், பையில் எல்லாவற்றிலும் குரோமியம் இருக்கும், அதோடு நான் ஹாப்ஸா பக்கத்தில் வந்தாலே தண்ணீர் ஃபெயிலாகிவிடும் என்றார். பாட்டில் கதை வெளிவந்ததிலிருந்து வாடிப்போயிருந்த அவர் முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே தலைவர் வந்து சேர்ந்தார். மழை முடியும் வரை இருப்பீர்களா என்று தமிழில் கேட்டார்.

எந்த ஊரிலும் ஒரு மழை முடியும் வரை நான் இருந்ததில்லை. பொய் சொல்ல வரவில்லை.

"தெரியாது" என்றேன்.

"சரியான பதில்" என்றார். "எவ்வளவு தெரியும்னு காலையில இவர்கிட்ட சொல்லுங்க."

ஹூப்ளி வண்டி என்னை ஏற்றிக்கொள்ளாமல் போயிற்று. பெரிதாக யோசித்து எடுத்த முடிவு என்று சொல்ல மாட்டேன். பரணில் இடம் இருந்தது, அக்கா பாயை எடுத்து மேலே போட்டுவிட்டார். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்தேன், கேன் தண்ணீரில்தான், அக்கா புலம்பிக்கொண்டே ஊற்றினார். என் துணியெல்லாம் பையோடு வெளியே போயிற்று. மாமாவின் பழைய செக்யூரிட்டி சட்டையைத் தோள் பட்டிகளைப் பிரித்துவிட்டுக் கொடுத்தார்கள், காலுக்கு மகளின் ரப்பர் செருப்பு. அந்தக் கோலத்தில் ஹாப்ஸாவுக்குப் போனேன். லேபிலிருந்து வந்த ஒரு பெண் பெட்டியோடு காத்திருந்தார். கையுறை கொடுத்தார். முதலில் பம்பை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், குழாயில் தேங்கிக் கிடந்ததெல்லாம் போய்ப் புதுத் தண்ணீர் வரும் வரை. பிறகு அதே தண்ணீரில் பாட்டிலை அலசிக் கொட்டிவிட்டுப் பிடிக்க வேண்டும். அலசலாம், துடைக்கக் கூடாது.

முதல் பாட்டில் நிரம்பியது. லேசாகக் கலங்கல். நான் மூடியைத் திருகுவதற்குள் பக்கத்தில் நின்ற அக்கா குனிந்து, முந்தானையால் பாட்டிலின் வாயை ஒருமுறை துடைத்துவிட்டார். அதைக் கொட்டிவிட்டு வேறு பாட்டில் எடுத்தோம். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. மாவ்ஷி தன் வாசலிலிருந்து, அவள் கையைக் கட்டிப்போடுங்கள் என்றார்.

பெட்டிக்குள் ஏற்கெனவே நிரம்பிய ஒரு பாட்டில் இருந்தது. அது என்ன என்று கேட்டேன். லேபிலேயே நிரப்பிய சுத்தத் தண்ணீர் என்றார் அந்தப் பெண். தெருவில் திறந்து மூடித் திரும்பக் கொண்டுபோய் அதையும் சோதிப்பார்களாம். அதில் குரோமியம் இருந்தால் அது பூமியிலிருந்து வந்ததில்லை, எங்கள் கையிலிருந்து வந்தது என்று அர்த்தம்.

"என் கையிலேருந்தா?"

"என் கையிலேருந்தும் இருக்கலாம். சாரோட லேப்லேருந்தும் இருக்கலாம்."

எத்தனையோ இடத்தில் வேலை செய்திருக்கிறேன். சாயங்காலம் வாசலில் நிறுத்திப் பையைத் தடவிப் பார்த்து அனுப்புவார்கள், என்னை மட்டும், மேஸ்திரியை இல்லை. இங்கே எல்லோரையும் சேர்த்துச் சந்தேகப்பட ஒரு பாட்டில் வைத்திருந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அதன் மூடியைத் திறந்து, அவர் போதும் என்று சொல்லும் வரை கையில் வைத்திருந்து, மூடிப் பெட்டிக்குள் வைத்தேன். தெருக்கோடியில் இருந்த அடுத்த ஹாப்ஸாவுக்கு நடந்தோம்.